மெஷின் தப்பு பண்ணா யாரு அலையுறது?

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் அப்ளிகேஷன்னு சின்னதா ஒரு கடை வச்சிருக்கேன். சுவத்துல கடையோட வாட்ஸ்அப் நம்பரை பெருசா எழுதி ஒட்டிருக்கேன், வர்றவங்க பிரிண்ட் எடுக்க வேண்டியத அதுக்குத்தான் அனுப்புவாங்க. ஆதார் வரும், ரேஷன் கார்டு வரும், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பொண்ணோட ஜாதகம், ஆஸ்பத்திரி ஸ்கேன் ரிப்போர்ட், கோர்ட்ல போட்ட ஜீவனாம்ச மனு, எல்லாம் வரும். அம்புட்டும் கம்ப்யூட்டர்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கும். ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கேன்னு சிலர் நெனைக்கிறாங்க. பேரோட முதல் நாலு இங்கிலீஷ் எழுத்து பெருசா, அப்புறம் பொறந்த வருஷம், அம்புட்டுத்தான் அந்தப் பூட்டு, ஊருல இருக்குற எல்லா ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் அது தெரியும்.

ராத்திரி கடை சாத்துறதுக்கு முன்னாடி ஃபோல்டரையும் அழிச்சு, வாட்ஸ்அப்லயும் அழிச்சு, தப்பா விழுந்த பிரிண்ட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் கெளம்புவேன். இத யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. கடை ஆரம்பிச்சதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு அதிகாரியும் வந்து "ஏம்மா, சனங்க பேப்பரையெல்லாம் என்னம்மா பண்றீங்க"ன்னு கேட்டதில்ல. அழிக்காத கடைல வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும், கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போனா அதோட சேந்து போகும், பழசுன்னு வித்தா அதோட சேந்து போகும்.

அதனால இந்த விஷயத்துல எனக்குன்னு சில கருத்து இருக்கு. டெக்னாலஜியே வேணாம்னு சொல்ற ஆளு நான் கெடையாது, கம்ப்யூட்டர் இல்லன்னா எனக்குச் சோறே இல்ல. பட்டா சிட்டா ஆன்லைன்ல வந்தது எம்புட்டுப் பெரிய விஷயம்னு, அதுக்கு முன்னாடி அந்த ஒரு காகிதத்துக்கு வேலையப் போட்டுட்டு அலைஞ்ச விவசாயிக்குத்தான் தெரியும். பென்சன் வாங்குற பெரியவங்க வருஷா வருஷம் நேர்ல போய் உசுரோட இருக்கேன்னு காட்ட வேண்டியிருந்துச்சு, 2014ல அந்தச் சான்ற ஆன்லைன்லயே குடுக்குற ஜீவன் பிரமாண் வந்தபிறகு அந்த அலைச்சல் நெறைய பேருக்குக் கொறஞ்சிருக்கு. இதெல்லாம் நல்லது, நானே உக்காந்து செஞ்சு குடுக்குறேன். ஆனா எந்தப் புது மெஷின் வந்தாலும், எந்த ஆப் வந்தாலும் நான் முதல்ல பாக்குறது ஒண்ணே ஒண்ணு. அது தப்பு பண்ணா யாரு அலையுறது, யாருக்கு நட்டம்? மெஷினக் கொண்டு வந்தவனுக்கா, அது முன்னாடி நிக்கிற சனத்துக்கா?

ரேஷன் கடையவே எடுத்துக்குவோம். தமிழ்நாட்டுல 2017ல ஸ்மார்ட் கார்டு வந்துச்சு, 2020ல கைரேகை வந்துச்சு. எங்க பக்கம் பெரியாறு பாசனம், நடவு, களையெடுப்பு, அறுப்புன்னு வருஷக்கணக்கா சேத்துல கெடந்த கைங்க, அது போக கல்லு ஒடச்ச கைங்க, சித்தாள் வேலைக்குப் போயி சிமெண்டுல அரிச்ச கைங்க. எங்க தெருவுல இருக்குற அப்பத்தா ஒருத்தவங்க வெரல நான் என் கையில புடிச்சுப் பாத்திருக்கேன், நுனி அப்படியே வழுவழுன்னு இருக்கும், கோடுன்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது. அவுகளுக்குத் தொணையா ஒருக்கா கடைக்குப் போனேன்.

"ஆத்தா, துணில தொடச்சுட்டு வைய்யி."

"தொடச்சுட்டேன்யா."

"அமுக்காத, லேசா வையி. ம்... விழுகல. நடு வெரல வையி. அந்தக் கைய வையி. விழுகலையே. ஓடிபி போட்டுப் பாப்போம், போனு யார்ட்ட இருக்கு?"

"பேரன்ட்டய்யா. திருப்பூர்ல இருக்கான்."

பேரன் பனியன் கம்பெனில ஷிஃப்ட்டுல நிக்கிறான், உள்ள போன் எடுக்க முடியாது. ஓடிபி அங்கன போய் விழுந்து, அவன் பாக்குறதுக்குள்ள காலாவதி ஆகிருச்சு. பின்னாடி வரிசையில நிக்கிறவங்க "அந்தப் பெரியம்மாவ ஓரமா உக்கார வச்சுட்டு எங்களப் போடுண்ணே"ன்னாங்க. அப்பத்தா ஓரமா உக்காந்தாங்க. அன்னிக்கு அரிசி வாங்கல.

இதுல கடைக்காரர நான் குத்தம் சொல்லவே மாட்டேன். அவருக்கு அந்த அப்பத்தாவ சின்ன வயசுல இருந்து தெரியும், எந்த வீடு, எத்தனை பேரு, எல்லாம் தெரியும். தெரிஞ்சும் அரிசி போட முடியாது, ஏன்னா மெஷின் ஏத்துக்காம மூட்டை கொறஞ்சா அந்தக் கணக்கு அவரு தலைல விழும். மாத்து வழி இல்லாமயும் இல்ல. வர முடியாதவங்களுக்கு வேற ஆளு வாங்குறதுக்கு ஃபாரம் இருக்கு, 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளக் கொண்டுபோய்க் குடுக்க ஆரம்பிச்சாங்க. அது நல்ல காரியம், மனசாரச் சொல்றேன். ஆனா கல்லு ஒடைக்கிறவருக்கு வயசு நாப்பத்தஞ்சுதான ஆகுது? ரேகை தேஞ்சு போச்சுங்குறதுக்காக யாரு வீட்டுக்கு வந்து குடுக்கப் போறாங்க? இருவது வருஷம் உடம்ப ஒடச்சு வேலை பாத்ததுக்கு அடையாளமா இருக்குற கை, அந்தக் கைதான் செல்லாதுங்குறாங்க, அது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

நம்ம ஊர்ல ஒரு நாள் அலைச்சலோட முடிஞ்சிருது, வேற மாநிலத்துல அப்படி முடியல. ஜார்க்கண்ட்ல சிம்டேகா மாவட்டத்துல 2017 செப்டம்பர்ல 11 வயசுப் பிள்ளை ஒண்ணு செத்துப் போச்சு. ஆதார் இணைக்கலன்னு குடும்பத்தோட ரேஷன் கார்டு ரத்தாயிருந்துச்சு, பிள்ளை பட்டினி கெடந்துதான் செத்துச்சுன்னு அந்தத் தாய் சொன்னாங்க, அரசாங்கம் மலேரியான்னு சொல்லுச்சு. எதுல செத்துச்சுன்னு சண்டை நடந்துச்சு, ஆனா கார்டு ரத்தானது உண்மை. அத ரத்து பண்ணுன கம்ப்யூட்டர் லிஸ்ட்டுக்கு யாரு பொறுப்பு?

நம்ம ஊரு ஏன் தப்பிச்சுச்சுன்னு நான் நெறைய யோசிச்சிருக்கேன். 1997ல மத்திய அரசு ரேஷன ஏழைக்கு மட்டும்னு பிரிச்சப்ப, தமிழ்நாடு எல்லாருக்கும்னு வச்சுக்கிச்சு. எல்லாருக்கும்னு சொன்னா நீ யாரு, எம்புட்டு சம்பாதிக்கிற, வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்கான்னு ஆராய வேண்டிய வேலையே இல்ல. 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கெடையாது. மேலூர்ல ஏறுறேன், மதுரை மாட்டுத்தாவணில எறங்குறேன், ஆதார் நம்பர் கேக்கல, போட்டோ கேக்கல, ஓடிபி கேக்கல. 2022 செப்டம்பர் 15ம் தேதி மதுரைல ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துல காலை உணவுத் திட்டத்த ஆரம்பிச்சாங்க, பிள்ளை வந்து உக்காந்தா தட்டுல உப்புமாவோ பொங்கலோ விழுகுது, அம்புட்டுத்தான். நல்லா நடக்குற திட்டம்னு சனங்க வாய் நெறைய சொல்றதெல்லாம் பாத்தா இந்த மாதிரி ஆள ஆராயாத திட்டமாத்தான் இருக்கு. தகுதி உள்ளவனுக்கு மட்டும்னு ஆரம்பிக்கிற எடத்துலதான் சர்டிபிகேட், லிங்க்கு, மேட்ச்சிங், ரிஜெக்ட் எல்லாம் சேந்து வருது. அந்த நாளுல இருந்து என் கடைல கூட்டம். எனக்கு வருமானம்தான், ஆனா அந்தக் கூட்டத்துல நிக்கிறவங்க முகத்தப் பாத்தா அந்தக் காசு வேணாம்னு தோணும்.

ஒரு உதவித்தொகைக்கு எழுதிப்போட்ட மதினி ஒருத்தவங்க கதை. "நான்கு சக்கர வாகனம் உள்ளதால் நிராகரிக்கப்பட்டது"ன்னு போன்ல ஒத்த வரி மெசேஜ். அவங்க வீட்டுக்காரர் பல வருஷத்துக்கு முன்னாடி ஓட்டுன பழைய லோடு வண்டி, கடனுக்காக வித்துட்டாரு, வாங்குனவன் ஆர்சி புக்குல பேர மாத்தாமயே ஓட்டிக்கிட்டு இருந்திருக்கான். இப்ப அந்த வண்டி எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது. ஒரு ஆபீஸ்ல போய்க் கேட்டா அங்கிட்டுப் போங்கங்குறாங்க, அங்கிட்டுப் போனா "எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது"ங்குறாங்க. யாரு முடிவெடுத்ததுன்னே சொல்ல ஆளில்ல. முன்னாடி ஒரு அதிகாரி மனுவ ஒதுக்குனா அவரப் பாத்துச் சண்டையாச்சும் போடலாம், அழுது கேக்கலாம், யூனியன் ஆள கூட்டிக்கிட்டுப் போகலாம். இப்ப யாருட்ட போய்ச் சண்டை போடுறது? அப்பீல் பண்ணலாம், ஆன்லைன்ல. அதுக்கும் ஓடிபி வேணும்.

திருட்டத் தடுக்கத்தான இதெல்லாம்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான். நூறு நாள் வேலைல வராத ஆளுக்குக் கையெழுத்துப் போட்டு காச அடிச்சாங்கன்னு, 2023 ஜனவரில இருந்து தெனம் ரெண்டு தடவ போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தணும்னு கட்டாயமாக்குனாங்க. கண்மாய்க்குள்ள சிக்னல் இருக்காது, வேலை முடிஞ்ச வயசான பொம்பளைங்க ரெண்டாவது போட்டோவுக்காக வெயில்ல காத்துக் கெடந்தாங்க. அப்புறம் 2025 ஜூலைல மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு: சம்பந்தமில்லாத போட்டோவ ஏத்துறாங்க, போட்டோவையே போட்டோ எடுத்து ஏத்துறாங்க, இனி ஆளுங்கள வச்சு சரிபாருங்கன்னு. திருடுறவன் ஆப்பையும் ஏமாத்தக் கத்துக்கிட்டான், நேர்மையா வேலை பாத்த பொம்பளை மட்டும் வெயில்ல நின்னா. இம்புட்டும் ஆன அதே 2025 ஜூலைலதான் அங்கன்வாடில வீட்டுக்குக் குடுக்குற சத்துப் பொருளுக்கு முகத்தக் காட்டணும்னு மத்திய அரசு கட்டாயமாக்குச்சு. கைப்பிள்ளைக்காரி சத்துமாவு வாங்க கேமரா முன்னாடி கண்ணச் சிமிட்டணும். அந்த மாவ யாரு திருடப் போறா, சொல்லுங்க?

சரி, இம்புட்டையும் வாங்கி வச்சுக்குறாங்களே, பத்திரமா வச்சிருக்காங்களான்னு பாத்தா அதுவும் இல்ல. 2023 ஜூன்ல டெலிகிராம்ல தானா பதில் சொல்ற ஒரு 'பாட்' புரோகிராம்ல போன் நம்பரப் போட்டா கொரோனா தடுப்பூசிக்குக் குடுத்த ஆதார் நம்பர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் வந்துச்சு, தடுப்பூசிக்குப் பதிவு பண்ணுன கோவின் போர்ட்டல் பத்திரமாத்தான் இருக்கு, வர்ற செய்திக்கு அடிப்படையே இல்லன்னு அரசாங்கம் அறிக்கை விட்டுச்சு. 2024 மே மாசம் தமிழ்நாடு போலீஸோட முகத்த வச்சு ஆள அடையாளம் பாக்குற போர்ட்டல்லயே ஆளு புகுந்துட்டாங்க. குத்தவாளியப் புடிக்கிறதுக்குன்னு சேத்து வச்சதுக்கே அந்தக் காவல்.

ஆதார் விஷயத்துல 2022 மே 27ம் தேதி நடந்தத நான் மறக்கவே மாட்டேன், ஏன்னா அது நேரா என் கடைக்கு வந்துச்சு. ஆதார் ஆணையத்தோட பெங்களூர் ஆபீஸ் ஒரு அறிவிப்பு விட்டாங்க, ஆதார் ஜெராக்ஸ யாருட்டயும் குடுக்காதீங்க, தப்பாப் பயன்படுத்தலாம், கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற ஆதாரக் குடுங்கன்னு. சனங்க பயந்துபோயி வந்து கேட்டாங்க. ரெண்டே நாள்ல, 29ம் தேதி, அந்த அறிவிப்ப தப்பாப் புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லி வாபஸ் வாங்கிட்டாங்க. அந்த ரெண்டு நாள்ல சொன்னதுதான் உண்மைன்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன். இப்பவும் விவரம் தெரிஞ்ச பசங்க வந்து நம்பர் மறைச்ச ஆதார் எடுத்துக்கிட்டுப் போவாங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வந்து "அக்கா, முழு நம்பர் தெரியுறதுதான் வேணுமாம்"பாங்க.

கைரேகைன்னா யாரும் திருட முடியாதுன்னு ஒரு நம்பிக்கை ஓடுது. 2018ல தெலங்கானால சிம் கார்டு வித்த ஒரு ஆளு, பத்திரப்பதிவு வெப்சைட்ல இருந்து நெலப் பத்திரங்கள எடுத்து, அதுல இருந்த கைரேகைய வச்சு ரப்பர் ஸ்டாம்ப் பண்ணி ஆயிரக்கணக்குல சிம்ம ஆக்டிவேட் பண்ணிருந்தான். இதுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆதார் வெப்சைட்ல போய் கைரேகையப் பூட்டி வைக்கலாம், கேக்குறவங்களுக்கு நான் காசு வாங்காம பண்ணிக் குடுக்குறேன். ஆனா பூட்டுனா ரேஷன் மெஷின்லயும் ரேகை விழுகாது. ஒவ்வொரு மாசமும் ஸ்மார்ட்போன எடுத்து, ஓடிபி போட்டுத் தெறந்து, அது தானா மறுபடியும் பூட்டிக்கிறதுக்குள்ள அரிசி வாங்கணும். அந்த அப்பத்தா இதச் செய்வாங்களா? கைரேகைய வச்சே பேங்க் காசையும் எடுக்கலாம்ல, அந்தக் காசு பத்திரமா இருக்கணும்னா அரிசிக்கு அலையணும், அரிசி வேணும்னா ரேகையத் தெறந்து போட்டு வைக்கணும். எங்க பக்கத்து ஏழைக்கு இந்த நாட்டுல குடுத்திருக்குற பிரைவசி அம்புட்டுத்தான்.

இம்புட்டும் பேசுனா "மறைக்க ஒண்ணும் இல்லன்னா உனக்கென்ன பயம்"னு ஒரு கேள்வி வரும். படிச்சவங்கதான் ஜாஸ்தி கேப்பாங்க. என் கடைக்கு வர்ற பொம்பளப் பிள்ளைங்க பாதிப்பேரு ஃபாரம் ரொப்பும்போது "அக்கா, என் நம்பர் வேணாம், உங்க கடை நம்பரப் போடுங்க"ன்னு கெஞ்சுவாங்க. ஏன்னு கேட்டா, முன்னாடி எங்கயோ குடுத்த நம்பருக்கு எவனோ ராத்திரில கூப்புட்டிருப்பான். ஒருத்தி புருஷன் அடிக்குதுன்னு புள்ளையக் கூட்டிக்கிட்டு ஆத்தா வீட்டுக்கு வந்துட்டவ, புது நம்பர் அந்தாளுக்குத் தெரிஞ்சிறக் கூடாதுன்னு தெனம் பயந்துக்கிட்டு இருக்கா. இவளுகெல்லாம் என்ன குத்தத்த மறைக்கிறாங்க? துணிக்கடை, மெடிக்கல், சூப்பர் மார்க்கெட், எங்க போனாலும் பில் போட போன் நம்பர் கேக்குறாங்க. நம்பர் குடுத்தாத்தான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசத்துலயே மத்திய நுகர்வோர் துறை சொல்லிருச்சு. தைரியமா "குடுக்க மாட்டேன், பில் போடுங்க"ன்னு சொல்லுங்க, போட்டுத்தான் ஆகணும். நான் அப்படித்தான் சொல்றேன்.

சட்டம் இருக்கேம்பாங்க. கர்நாடகா ஹைகோர்ட்ல ஜட்ஜா இருந்து ரிட்டயர் ஆன புட்டசாமி அய்யா, எம்பத்தாறு வயசுல, 2012ல ஆதார எதுத்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. அந்த வழக்குல அரசாங்கத்து வக்கீல் எந்திரிச்சு, அந்தரங்கம்ங்குறது இந்த நாட்டு குடிமகனோட அடிப்படை உரிமையே இல்லன்னு வாதாடுனாரு. 2017 ஆகஸ்ட் 24ம் தேதி ஒம்போது ஜட்ஜும் ஒரே குரல்ல அது அடிப்படை உரிமைதான்னு தீர்ப்பு சொன்னாங்க. அந்தப் பெரியவர் 2024 அக்டோபர்ல காலமாயிட்டாரு. பேரக்கூட நம்ம பசங்களுக்குத் தெரியல, அது வருத்தமா இருக்கு, பள்ளிக்கூடப் புஸ்தகத்துல போட வேண்டிய மனுசன்.

அதுக்கப்புறம் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு 2023ல ஒண்ணு வந்துச்சு. நான் கடைல ஆள் இல்லாத நேரத்துல அத ஒக்காந்து படிச்சேன். கம்பெனி உங்க விவரத்தத் தொலைச்சா 250 கோடி வரைக்கும் அபராதம்னு இருக்கு, கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்தக் காசு யாருக்குப் போகுது? அரசாங்கத்தோட கஜானாவுக்கு. விவரம் தொலைஞ்சு, அதனால பேங்க் காச எழந்து நிக்கிற ஆளுக்கு அதுல ஒத்தப் பைசா கெடையாது. முன்னாடி தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 43ஏன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, பாதிக்கப்பட்டவன் நஷ்டஈடு கேக்கலாம், அதையும் இந்தச் சட்டம் எடுத்துவிடச் சொல்லுது. அதே சமயம் பொய்யாவோ அற்பமாவோ புகார் குடுத்தா சாதாரண ஆளுக்கு 10,000 ரூபா வரைக்கும் அபராதம்னு எழுதி வச்சிருக்காங்க. அரசாங்கத்து அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்துல இருந்து விலக்கு குடுக்கவும் வழி வச்சிருக்காங்க. விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, கம்பெனிகளுக்குண்டான பெரிய கடமைகளுக்கு அதுலருந்து 18 மாசம் அவகாசம். ஆனா தகவல் உரிமைச் சட்டத்துல கை வைக்கிற பிரிவுக்கு அவகாசமெல்லாம் இல்ல, ஒடனே அமலுக்கு வந்துருச்சு. முன்னாடி அதிகாரி சம்பந்தப்பட்ட விவரம்னாலும் பொதுநலன் இருந்தா குடுக்கணும்னு அந்தப் பிரிவுக்குள்ளயே இருந்துச்சு, இப்ப தனிப்பட்ட விவரம்னு ஒரு வார்த்தைல மறுத்துறலாம். என் விவரம் அவங்களுக்கு வேணும், அவங்க விவரம் எனக்குக் கெடைக்காது. 10 ரூபாய்க்கு மனு எழுதிப் போட்டு ரோட்டையும் கண்மாயையும் காப்பாத்துன ஆளுங்க எங்க தாலுகால இருக்காங்க, அவங்களுக்குப் பண்ணுன துரோகம் இது.

எதுத்து என்ன ஆகப்போகுதுன்னு மட்டும் மேலூர்க்காரங்கட்ட சொல்லாதீங்க. 2024 நவம்பர்ல அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி பக்கம் 2,015 ஹெக்டேர டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டுட்டாங்க. மேப்புல கோடு போட்டவங்களுக்கு அங்க இருக்குற மலை, குடைவரைக் கோயில், சமணப் படுக்கை, ஊருணி, வயக்காடு எதுவும் தெரியல, ஊர்க்காரங்கட்ட ஒரு வார்த்த கேக்கல. ஜனவரில ஊரே தெரண்டு மேலூர்ப் பக்கத்துல இருந்து மதுரைக்கு நடந்துச்சு, 2025 ஜனவரி 23ம் தேதி ரத்துன்னு டெல்லில இருந்து அறிவிப்பு வந்துச்சு. நெலத்துக்குக் கேட்ட மாதிரி இதுக்கும் கேக்கணும். "ஐ அக்ரீ"ன்னு ஒரு கட்டத்துல டிக் அடிச்சாத்தான் அடுத்த பக்கமே வரும்னு வச்சுட்டு, நாங்க சம்மதிச்சோம்னு சொல்றது, கேக்காம ஏலம் விட்டதுக்குச் சமம்தான். தெனம் எத்தனையோ பேருக்காக அந்த டிக்க நான்தான் அடிக்கிறேன், அவங்க ஒருத்தருக்கும் அதுல என்ன எழுதிருக்குன்னு தெரியாது, படிச்சுச் சொன்னாலும் வேணாம்னு சொல்ல முடியாது.

பெருசா ஒண்ணும் கேக்கல. ரேகை விழுகலன்னா அந்த நிமிஷமே நோட்டுல பேர எழுதி கையெழுத்து வாங்கிட்டு அரிசியப் போடணும், விசாரணைய அப்புறம் வச்சுக்கட்டும், அந்த அலைச்சல் ஆபீஸோடதா இருக்கட்டும். ஒரு மனுவ ஒதுக்குனா எந்த விவரத்த வச்சு ஒதுக்குனாங்க, அந்த விவரம் எந்தத் துறைல இருந்து வந்துச்சு, முடிவுக்குப் பொறுப்பான அதிகாரி யாருன்னு காகிதத்துல குடுக்கணும். விவரம் கசிஞ்சு ஒருத்தன் காசு எழந்தா, கசியவிட்டவன் அந்த ஆளுக்கே தரணும்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போறவங்களுக்கு மனு எழுதிக் குடுக்குறதும் என் வேலைல ஒண்ணு. இப்பல்லாம் ரிஜெக்ட் ஆன எல்லா மனுவுலயும் கடைசில இத நானே சேத்துடுறேன்: "எனது விண்ணப்பம் எந்த ஆவணத்தின் அடிப்படையில் நிராகரிக்கப்பட்டது என்பதையும், அந்த ஆவணத்தின் நகலையும், முடிவெடுத்த அலுவலரின் பதவியையும் எழுத்துமூலம் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்." அந்த லோடு வண்டி மதினிக்கு இப்படி எழுதிப் போட்டதுல, வண்டி நம்பரோட பதில் வந்துச்சு, நம்பர் கெடைச்சதும் வாங்குனவனத் தேடிப் புடிச்சுட்டாங்க, பேர் மாத்துற வேலை ஓடிக்கிட்டு இருக்கு. எல்லாத்துக்கும் பதில் வர்றதில்ல. வராத மனுவுக்கு மறு மனு போடுறோம். மேலூர்ப் பக்கம் இருக்குறவங்க யாருக்கும் இப்படி ஏதாச்சும் ரிஜெக்ட் மெசேஜ் வந்திருந்தா போன எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க, மெசேஜ அழிச்சுறாதீங்க, அது முக்கியம். மனுவுக்கு நான் காசு வாங்குறதில்ல.